இருட்டு டீச்சரின் ஆரஞ்சு அரக்கன்

"நேரா பாக்காதீங்க கண்ணுங்களா. நேரா பாத்தா ஓடிடுவான். கல்யாண வீட்டுல பிடிக்காத சொந்தக்காரங்களைப் பாப்பீங்கல்ல, அந்த மாதிரி ஓரக்கண்ணால பாருங்க. ஆங்... தெரியுதா?"

கும்மிருட்டில் நூறு கழுத்துகள் ஒன்றாகச் சாய்கின்றன. "தெரியுது டீச்சர்!" என்று முதலில் கத்துவது எப்போதும் எதையும் பார்க்காத பிள்ளைதான். அது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு மூலையிலிருந்து, மூச்சை உள்ளே இழுத்தபடி, "அய்..." என்று ஒரு சின்னக் குரல் வரும். அந்த "அய்"க்காகத்தான் காத்திருப்பாள். வந்ததும் கூரையில் அம்புக்குறி காட்டும் கைவிளக்கை அணைத்து, குரலை ஒரு படி இறக்கி, "அவன்தான் ஆரஞ்சு அரக்கன்" என்பாள்.

கோளரங்கத்தில் வர்ணனை சொல்வது அவள் வேலை. அந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருமுறையாவது அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். முகத்தைக் கண்டவர்கள் குறைவு. விளக்கு அணைந்த பிறகு வாய் திறப்பாள், விளக்கு எரிவதற்குள் பக்கக் கதவு வழியாகப் போய்விடுவாள். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் இருட்டு டீச்சர். டீச்சர் வேலைக்குப் படித்தவள் இல்லை. வானத்தைப் பற்றியும் படித்தவள் இல்லை. வணிகவியல் பட்டத்தோடு நேர்காணலுக்குப் போனவளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

காய்கறிக் கடையில் "கால் கிலோ வெங்காயம்" என்று அவள் கேட்டால், பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு சிறுமி அம்மாவின் கையை உதறிவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

"அம்மா, இருட்டு டீச்சர் வெளிச்சத்துல நிக்கறாங்க!"

"ஆமாண்டி கண்ணு. வெங்காயம் வாங்க இறங்கி வந்திருக்கேன். முடிஞ்சதும் மேல போயிடுவேன்."

தொண்டையைத் தங்கம்போல வைத்துக்கொள்வாள். ஐஸ் தண்ணீர் தொட மாட்டாள். கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். குவிமாடத்துக்குள் ஊசி விழுந்தாலும் உலக்கை விழுந்த மாதிரி கேட்கும் என்பதால் தேய்ந்த ரப்பர் செருப்பு. காட்சிக்கு முன்னால் தன் மூலை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். "இருட்டுக்கு முன்னாடி நான் இருட்டாயிடணும்" என்பாள். வீட்டிலோ சத்தம் போடத் தெரியாது. கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகி, தெளிவாகி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்து விழும். "குக்கர்... அடியில்... பிடித்துவிட்டது." மாமியார் காதைப் பொத்திக்கொள்வார்.

"அம்மா தாயே, அந்த மைக்கை ஆஃப் பண்ணுடி. திட்டறதுன்னா மனுஷி மாதிரி திட்டு."

ஆரஞ்சு அரக்கன் ஒரு வயதான சூரியன். கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்து, சூடு குறைந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்ட விண்மீன். பருமனைச் சொன்னால் நம் சூரியன் அவன் இடுப்பில் முடிந்துகொள்ளும் சில்லறை. ஆனால் நிற்பது வெகுதூரத்தில். தெற்கே, வீட்டுக் கூரைகளுக்கு இரண்டு பிடி உயரத்தில், இருக்கிறானா இல்லையா என்று யோசிக்க வைக்கும் ஒரு மங்கல் புள்ளி. கையை நீட்டி மூடிய முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்து, அதன்மேல் இன்னொன்றை அடுக்கினால் அவன் உயரம். வர்ணனைத் தாளில் அவனுக்கு இரண்டே வரி. அவள் வாயில் அது ஒரு முழு நிமிஷம். பளபளவென்று மின்னுகிறவர்களை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள், இவனை யாராவது காட்டிக் கொடுக்க வேண்டாமா என்பது அவள் கட்சி.

"அரக்கன்னு பேரு. கடுகைப் பாதியா உடைச்ச மாதிரி இருக்கான்னு சொல்றே. யாருடி இவனுக்குப் பேரு வச்சது?" என்பார் மாமியார்.

கோளரங்கத்துக் கூரையில் அவன் ஆரஞ்சாகத் தெரிவதற்குக் காரணம் பல்பு அண்ணன். அரங்கின் நடுவே, எறும்பு நிற்பது போல இரண்டு உருண்டைத் தலைகளோடு நிற்கும் விண்மீன் கருவியை இயக்குகிறவர். திருகாணிகளை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். அரக்கனுக்கான ஊசித் துளையில் இருந்த வண்ணக் கண்ணாடி விரிசல் விட்டபோது, ஆரஞ்சு மிட்டாய் சுற்றிவந்த காகிதத்தில் எள்ளளவு நறுக்கி ஒட்டினார். "அரக்கனுக்கு மிட்டாய்ச் சட்டை" என்று தானே சிரித்துக்கொண்டார். நிஜ வானத்தில் அவனுக்கு நிறம் கிடையாது. வெறுங்கண்ணுக்குச் சாம்பல் புள்ளிதான். "நிறத்தை நாமதான் போட்டுக்கணும்" என்று அவள் புருஷன் சொல்வான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில், கயிறும் சக்கரமும் சுழலும் அந்தக் குட்டி அறையில் கிரீஸ் கையோடு கிடப்பவன். உச்சிக்குப் போனவன் வானத்தைப் பார்க்காமல் வர மாட்டான். பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் கோளரங்கத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, இருட்டில் உட்கார்ந்து, அரக்கன் முறை வந்தபோது பெரிய மனிதக் குரலில் "அய்..." என்றவன். அரங்கமே சிரித்தது. அவளுக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வருஷம் முன்னால், வடக்கே, பனி கொட்டும் ஒரு தேசத்தில், மேகம் தொடும் கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்தும் வேலை வந்தது. கிளம்பும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன்தான் சொன்னான்: "நம்ம ஊர் நேரமும் அந்த ஊர் நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அரக்கன் வர்ற மாசத்துல, இருட்டினதும் நீ இங்கேருந்து பாரு, நான் அங்கேருந்து பாக்கறேன். ரெண்டு பேர் கண்ணும் ஒரே இடத்துல போய் முட்டிக்கும்." அவள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கே தன் வர்ணனையில், தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். "எந்த ஊருக்குப் போனாலும் வானம் ஒன்றுதான் குழந்தைகளே." ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அதைச் சொல்வாள். அந்த வரிமேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன முறை அரக்கன் வந்த மாதங்களில் அவன் போனில் பாட்டாய்ப் பாடினான். "இங்க எங்க வானம் தெரியுது? பனி, மூட்டம். அண்ணாந்தா மூக்குல ஐஸ் விழுது." இந்த முறை அப்படி இல்லை. இருட்டியதும் போன் வரும். "பாத்துட்டேன். இருக்கான். நேத்தைவிடக் கொஞ்சம் மேற்கே தள்ளி." அவளுக்கு அந்தக் குளிர் தேசத்தின்மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது, அங்கேயும் வானம் தெளிந்திருக்கிறதே! முகம் பார்த்துப் பேசலாம் என்றால் மட்டும் "நெட் இழுக்காது" என்பான். சரி, குரல் போதும். குரலை வைத்தே சோறு தின்கிறவள்தானே.

விடுமுறைக்கு ஒரு புதுக்காட்சி வேண்டும் என்றார் மேலாளர். 'வெள்ளைக் கரடியின் வானம்'. வடதேசத்தில் நின்று பார்த்தால் வானம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் கருவியின் இடுப்பிலிருக்கும் ஒரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கருவி எந்த ஊரில் 'நிற்கிறது' என்பதைத் தீர்மானிக்கும் சக்கரம் அது. கோளரங்கம் திறந்த நாளிலிருந்து அது நம் ஊரிலேயே நிற்கிறது. பல்பு அண்ணன் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, பிளாஸ்திரி மேல் தேநீர் டம்ளர் வைக்கப் பழகியிருந்தார்.

ஒத்திகை மத்தியானம். காலி நாற்காலிகள், இருட்டு, கூரை நிறைய விண்மீன்கள். விளிம்பைச் சுற்றி நகரத்தின் நிழலுருவம்: தண்ணீர்த் தொட்டி, மணிக்கூண்டு, புகைபோக்கி. பல்பு அண்ணன் எண்ணெய் விட்டு, சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினார். கிழ மாடு எழுந்திருப்பது போல ஒரு முனகல். பிறகு, இத்தனை வருஷமாக ஆணி அடித்தது மாதிரி நின்ற வானம் அசைந்தது.

அவள் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அசைவது வானமா, நாற்காலியா என்று தெரியவில்லை. துருவ மீன் வடக்கு மூலையிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறியது. எதிர்ப்பக்கம், தெற்கே, அவளுக்குப் பழக்கமானவர்கள் எல்லாரும் வரிசையாகக் கீழே இறங்கினார்கள். சந்தை கலைவது போல, ஒவ்வொருவராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மணிக்கூண்டுக்குப் பின்னால். ஆரஞ்சுப் புள்ளி புகைபோக்கியின் உச்சியைத் தொட்டது. தோளைத் தொட்டது. பிறகு இல்லை.

"அண்ணே, நிறுத்துங்க."

"என்னம்மா, தலை சுத்துதா? கண்ணை மூடிக்கோ. எனக்கே வயித்தைப் பிரட்டுது."

"அரக்கன் எங்க?"

"மிட்டாய்க் காகிதம் விழுந்திருக்கும் பாரு. பசை காஞ்சு போயிருக்கும்." கருவியின் தலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "இல்லையே. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

"அப்புறம்?"

அவர் விளிம்புக்கு நடந்துபோய், சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் எட்டிப் பார்த்தார். வாயிலிருந்து ஒரு திருகாணி டிங் என்று தரையில் விழுந்தது. "அடப்பாவி. முங்கிட்டான்மா. அடிவானத்துக்குக் கீழ, சுவர்ல அடிக்குது அவன் வெளிச்சம்."

"இப்ப நாம எந்த ஊர்ல நிக்கறோம்?"

அவர் சக்கரத்தின் எண்ணைப் பார்த்துச் சொன்னார். அவள் புருஷன் இருக்கும் ஊருக்கு இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும். போனார்கள். பிறகு இரவு முழுவதையும் ஓட்டிப் பார்த்தார்கள். வருஷம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தார்கள். வானம் தலைக்குமேல் குடைபோலச் சுழன்றது. யார் யாரோ உதித்தார்கள், மறைந்தார்கள். அரக்கன் தலைகாட்டவே இல்லை.

"அப்ப அந்த ஊர்க்காரங்களுக்கு அவன் கிடையவே கிடையாதா அண்ணே?"

"மிஷின் அப்படித்தாம்மா சொல்லுது. நானும் இவ்வளவு நாள் யோசிக்கலை பாரு. நீ 'வானம் ஒன்றுதான்'னு சொல்லுவியா, நானும் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை; குவிமாடம் அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பி அடித்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. எங்க வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு."

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்தது. பார்க்கவே இல்லை. அண்ணாந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தபடி, 'இருக்கான், மேற்கே தள்ளி' என்று அளந்திருக்கிறான். பைத்தியக்காரி மாதிரி தான் மட்டும் மொட்டைமாடியில் நின்று கண்ணை முட்டவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் கண்ணே இல்லை. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான். எப்படிக் கேட்பது என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்தாள். எல்லா விதத்திலும் குரல் வர்ணனைக் குரலாகவே வந்தது.

இருட்டியதும் மொட்டைமாடி. மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்குக் கண்ணில் புரை. ஆனாலும் தினமும் வந்து, "அதோ நிக்கறான்" என்று எதையாவது காட்டிவிட்டுத்தான் சாப்பிட இறங்குவார். ஒரு நாள் செல்போன் கோபுரத்து விளக்கு, ஒரு நாள் விமானம். மகன் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தெற்கே அரக்கன் நின்றான். கழுவின பாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட ஒற்றைப் பருக்கை மாதிரி.

போன் அடித்தது.

"பாத்தியா?" என்றான் அவன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு பிடி உயரத்துல. இன்னைக்கு ரொம்ப மங்கல்."

அவளுக்குக் காது சுட்டது. ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். கிராம்பை ஒதுக்கினாள்.

"இரு இரு," என்றான் அவன். "ஒரு மேகம் வருது பாரு. தனியா ஒண்ணு. வாலு கிழிஞ்ச மாதிரி. அவன் மேலேயே வருது. மூடப் போவுது... போச்சு. மூடிடுச்சு."

அவள் கண்ணெதிரே, வால் கிழிந்த ஒற்றை மேகம் அரக்கனை மூடியிருந்தது.

நாக்கு நுனியில் இருந்த வாக்கியம் அங்கேயே நின்றது. விண்மீன் பத்து ஊருக்குப் பொது. மேகம் அப்படி இல்லை. பக்கத்துத் தெருவில் கொட்டுகிற மழை இந்தத் தெருவில் தூறுவதில்லை. தற்செயலாக இருக்கலாம். எல்லா ஊரிலும் மேகம் உண்டு. எல்லா மேகத்துக்கும் வால் கிழியும். ஆனால் அந்த ஊரில் மூடுவதற்கு அரக்கனே இல்லையே. மத்தியானம் வருஷம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தாளே.

மேகம் மெல்ல நகர்ந்தது. அதன் கிழிசலில் ஒரு சாம்பல் புள்ளி எட்டிப் பார்க்க, காதுக்குள் அவன் குரல் அதே நொடியில், "அய்... வந்துட்டான்" என்றது.

மொட்டைமாடித் தரை மத்தியானத்து வானம்போல நகர்ந்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றார் மாமியார். "பேச்சையே காணோம். எம்புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல அத்தை." பிறகு போனில், அவளுக்கே கேட்காத அளவு மெதுவாக: "எந்த மொட்டைமாடி?"

எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. போனில் ஒரு தடவை, கீழே தெருவிலிருந்து ஒரு தடவை.

"எந்த மொட்டைமாடின்னு கேட்டேன்."

"...எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க போன ஊர்ல அவன் உதிக்கவே மாட்டான். இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "ஊரைப் பத்தித்தான் பொய் சொன்னேன். அவனைப் பத்தி ஒரு நாளும் பொய் சொல்லலை. தினமும் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தெற்கே பாக்காதே. இடது பக்கம் திரும்பு. ஆறு மாடித் துணிக்கடை, புதுசா திறந்தாங்கல்ல. அதோட உச்சி."

அவள் திரும்பினாள். மூன்று தெரு தள்ளி, கூரைகளுக்கு மேலே கறுப்பாக ஒரு பெட்டி, லிஃப்ட் அறை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை வெளிச்சம் முளைத்தது. போன் டார்ச். இடமும் வலமுமாக ஒரு தடவை அசைந்து நின்றது.

"அதோ!" என்று மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இன்னைக்குத்தாண்டி பளிச்சுன்னு தெரியறான் உன் அரக்கன். நான் சொல்லலை?"

அவள் மாமியாரின் நீட்டிய விரலையும் அந்த வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போனில் அவன் துண்டு துண்டாகப் பேசினான். வேலைக்குப் போன அடுத்த குளிர்காலத்தில் கயிறு நழுவி, லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். முழங்கால் கல்லாகிவிட்டது, மடங்காது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஊன்றுகோலை விட்டுட்டு நடந்து வரலாம்னுதான் இருந்தேன். இந்த மாசம் விட்டுடும், அடுத்த மாசம் விட்டுடும்னு... வாசல்ல ஊனிக்கிட்டு வந்து நின்னா அம்மா என்ன ஆவாங்க? நீ என்ன ஆவே?" இங்கே ராத்திரி லிஃப்ட் அறையிலேயே படுக்கை. பகலில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்கும் வேலை. "வேற இடத்துலயும் கூப்பிட்டாங்க. இங்கேருந்தாதான் நம்ம மாடி தெரியுது. நீ நிக்கறது தெரியும். அம்மா நாற்காலி தெரியும்."

திட்ட வரவில்லை, அழ வரவில்லை. மைக் அணைந்துவிட்டது. இத்தனை நாளும் தனக்குப் பக்கவாட்டில் ஒருத்தன் நின்றிருக்கிறான் என்பதே மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் சோர்ந்து உட்கார்ந்ததை, மாமியாரோடு சண்டை போட்டதை, ஒரு நாள் தனியாக நின்று மூக்கைச் சிந்தியதை, எல்லாவற்றையும் மூன்று தெரு தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'இங்க குளிரு தாங்கலை' என்றிருக்கிறான்.

"டீ இடைவேளை முடிஞ்சுது. கீழ லிஃப்டுக்குப் போகணும். கடை மூடறவரைக்கும் அங்கதான் இருப்பேன்," என்றான் அவன். "ஏதாவது சொல்லேன்."

அவள் போனை வைத்தாள்.

"எங்கடி கிளம்பற, சாப்பிடற நேரத்துல?"

"அத்தை, கதவைத் தாழ் போடாதீங்க."

மாமியார் நாற்காலியைப் பிடித்தபடி படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

தெருவில் எப்படி நடந்தாள் என்று பிறகு கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. துணிக்கடைக்குள் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட பொம்மைகள், வாசனை, "மேடம், என்ன பாக்கறீங்க?" என்று துரத்தும் பெண்கள். பின்கோடியில் லிஃப்ட். மடிப்பு மடிப்பாக இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு. அதன் முன்னால் இரண்டு கையிலும் பைகளோடு ஒரு பருத்த ஆள், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். கயிறு முனகியது. பெட்டி இறங்கியது.

முதலில் தெரிந்தது கால்தான். ஸ்டூலிலிருந்து பலகைபோல நேரே நீட்டியபடி இருந்தது. அப்புறம் ஆணியில் மாட்டிய ஊன்றுகோல். கடையின் பெயர் தைத்த நீலச் சட்டை, கழுத்தில் தளர்ந்து தொங்கியது. காதோரம் நரைத்துவிட்டது. இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு, "பாத்து... காலைத் தாண்டிப் போங்க... பாத்து..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வர மாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அல்லது இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நினைக்கவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். அவள் முந்திக்கொண்டு ஏறினாள்.

"எந்த மாடிங்க?" என்றான், தலையைத் தூக்காமலே.

பருத்த ஆள் பைகளோடு ஒரு காலை உள்ளே வைத்தார். அவள் திரும்பி அவர் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டினாள். அவர் திகைத்துப் பின்வாங்கினார்.

"ஏம்மா, உள்ள இடம் இருக்குல்ல? நாங்களும் ஏறணும்ல?"

அவள் இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, மடிப்பெல்லாம் கடகடவென்று விரிய, ஒரே இழுப்பில் சாத்தினாள்.